உடைந்த எலும்பிலிருந்து நுரையீரலுக்கு

தொடை எலும்போ முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்போ முறியும்போது, அதன் உட்குழலில் இருக்கும் மஜ்ஜைக் கொழுப்பு துளித்துளியாக ரத்தத்தில் கலக்கிறது. அந்தத் துளிகள் இதயத்தின் வலப்பக்கம் வழியாக நுரையீரலுக்குப் போய் அங்குள்ள நுண்குழாய்களில் சிக்கிக்கொள்வதே கொழுப்புத்துளி அடைப்பு. எலும்பு மருத்துவர்களின் பேச்சில் இது ஃபேட் எம்பாலிசம். நீண்ட எலும்பு முறிந்த ஏறத்தாழ எல்லாருக்குமே கொஞ்சம் கொழுப்பு இப்படிக் கலக்கத்தான் செய்கிறது. பெரும்பாலோருக்கு அது நடந்ததே தெரியாது. ஒரு நீண்ட எலும்பு மட்டும் உடைந்தவர்களில் நூற்றுக்கு 1 முதல் 3 பேருக்கு அது நோயாக முற்றி மூச்சையும் மூளையையும் தோலையும் தாக்குகிறது. இரண்டு தொடையும் உடைந்தவர்கள், தொடையோடு இடுப்பெலும்பும் நொறுங்கியவர்கள் ஆகியோரிடம் இந்த விகிதம் பல மடங்கு ஏறும்.

காவிரிப் படுகையில் இந்த எலும்புகள் உடையும் இடங்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கல்லணைக் கால்வாய் என்று எந்தக் கரையை எடுத்தாலும் அதன்மேல் ஒரு சாலை ஓடுகிறது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பள்ளம். புரட்டாசி, ஐப்பசியில் குறுவை அறுப்பும் தை, மாசியில் சம்பா அறுப்பும் நடக்கும்போது சாலையின் ஒரு பாதியில் நெல் காயும். அதைச் சுற்றிக் கல் அடுக்கியிருக்கும். மீதிப் பாதியில் அறுவடை இயந்திரமும் டிராக்டரும் கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை ஏற்றிப்போகும் லாரியும் இருசக்கர வண்டியும் ஒன்றுக்கொன்று ஒதுங்கிப் போகவேண்டும். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னை ஏறுகிறவர் மட்டையோடு சரிந்து விழுவதும் உண்டு. சேற்றுழவில் டிராக்டர் வரப்பேறிக் கவிழ்ந்து ஓட்டுநரின் கால்மீது விழுவதும் உண்டு. இப்படி அடிபடுகிறவர்களில் பெரும்பாலோர் இருபதிலிருந்து நாற்பது வயதுக்குட்பட்ட ஆண்கள். இந்த நோய் அதிகம் தாக்குவதும் அந்த வயதினரையே.

‘கொழுப்பு’ என்ற சொல் இங்கே ஒரு குழப்பத்தை உண்டாக்கிவிடுகிறது. பரிசோதனைச் சீட்டில் எழுதித்தரும் கொலஸ்ட்ராலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. உடல் பருமனோடும் இதைச் சேர்த்துப் பார்க்க வேண்டியதில்லை. குழந்தையின் எலும்புக்குள் இருப்பது ரத்த அணுக்களை உண்டாக்கும் சிவப்பு மஜ்ஜை. வயது ஏற ஏற, கை கால் எலும்புகளின் நடுக்குழலில் அது மஞ்சள் மஜ்ஜையாக மாறுகிறது; மஞ்சள் மஜ்ஜையின் பெரும்பகுதி கொழுப்புத்தான். நாற்று நட்டு, மூட்டை சுமந்து, உடம்பில் சதையே ஒட்டாத விவசாயத் தொழிலாளியின் தொடை எலும்புக்குள்ளும் அது நிறைந்திருக்கிறது. குழந்தைகளுக்கு இந்த நோய் அரிதாக வருவதற்கு இதுவே முக்கியமான காரணம்.

மஜ்ஜைக்குள் ஓடும் சிரைகள் சதையிலுள்ள சிரைகளைப் போன்றவை அல்ல. சதையில் ஒரு சிரை அறுந்தால் அது சுருங்கி வாயை மூடிக்கொள்ளும். மஜ்ஜைச் சிரைகளோ எலும்புச் சுவரோடு ஒட்டியிருப்பதால் கிழிந்த பிறகும் வாய் திறந்தே கிடக்கின்றன. முறிந்த இடத்தில் ரத்தம் கட்டி உள்ளழுத்தம் கூடும்போது, உடைந்த கொழுப்பணுக்களிலிருந்து வெளிவந்த எண்ணெய் அந்தத் திறந்த வாய்களுக்குள் தள்ளப்படுகிறது. எலும்பின் இரண்டு முனைகளும் ஒன்றையொன்று உரசி அசையும் ஒவ்வொரு தடவையும் இந்தத் தள்ளல் திரும்ப நடக்கிறது. கட்டாமல் தூக்கிவரும் உடைந்த தொடை ஒரு பம்பு போல வேலை செய்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

உள்ளே போன துளி எங்கே நிற்கும் என்பதைப் பாசனம் தெரிந்தவர்களுக்கு விளக்குவது எளிது. ஆற்றில் மிதந்துவரும் செத்தை ஆற்றில் நிற்காது, பெரிய வாய்க்காலிலும் நிற்காது. பிரிந்து பிரிந்து குறுகிப்போன கடைமடை வாய்க்காலில்தான் வந்து அடைத்துக்கொள்ளும். காலிலிருந்து இதயம் வரைக்கும் சிரைகள் அகன்றுகொண்டே போவதால் வழியில் துளிக்குத் தடையில்லை. இதயத்தைத் தாண்டி நுரையீரலுக்குள் நுழைந்ததும் குழாய்கள் கிளைவிட்டு, சிவப்பணு ஒன்று நெளிந்து போகும் அளவுக்குக் குறுகிவிடுகின்றன. உடலின் எல்லா ரத்தத்துக்கும் கடைமடை அதுதான்.

அடைப்பு மட்டுமே நோய் என்றால் மூச்சுத்திணறல் முறிவு நடந்த சில நிமிடங்களிலேயே தொடங்கியிருக்க வேண்டும். நிறையக் கொழுப்பு ஒரே நேரத்தில் பாயும் சிலருக்கு அப்படி நடந்து உயிரும் போவதுண்டு. ஆனால் பெரும்பாலானவர்களுக்கு நோய் தலைகாட்டுவது 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள். இந்த இடைவெளிக்குச் சொல்லப்படும் விளக்கம் வேதியியல் சார்ந்தது. தங்கிய துளிகளை லிப்பேஸ் என்ற நொதி கொழுப்பு அமிலங்களாக உடைக்கிறது. அந்த அமிலங்கள் நுண்குழாய்களின் உட்சுவரை அரித்து வீங்கச்செய்கின்றன. சுவர் கசிந்து காற்றறைகளில் நீர் கோத்துக்கொள்கிறது. அடைப்பைப் பற்றிய விளக்கத்தை 1924-ல் காஸ் என்பவரும், வேதியியல் விளக்கத்தை 1927-ல் லேமன், மூர் இருவரும் முன்வைத்தார்கள். இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. ஒன்று முதல் நாளையும் மற்றொன்று இரண்டாம், மூன்றாம் நாட்களையும் விளக்குகிறது என்று எடுத்துக்கொள்வதே பொருத்தம். இதயத்தின் மேலறைகளுக்கு இடையே கருவிலிருந்த துளை ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு முழுதாக மூடாமல் இருக்கும். அவர்களுக்குத் துளிகள் நுரையீரலைத் தொடாமலே மூளைக்குப் போக வழி உண்டு. துளை இல்லாதவர்களிலும் மிக நுண்ணிய துளிகள் நுரையீரலின் குழாய்களில் நெளிந்து மறுபக்கம் போய்விடுகின்றன.

இந்த நோயை முதலில் கண்டது நுண்ணோக்கி. ஜெர்மனியின் நோய்க்கூற்றியல் அறிஞர் சென்கர், ரயில் பெட்டிகளுக்கு இடையே நசுங்கி இறந்த ஒரு தொழிலாளியின் நுரையீரலில் கொழுப்புத்துளிகளைப் பார்த்து 1862-ல் எழுதினார். அந்தக் கொழுப்பு கிழிந்த இரைப்பையிலிருந்து வந்திருக்கும் என்பது அவருடைய எண்ணம். எலும்பை அவர் சந்தேகிக்கவில்லை. உயிரோடு இருக்கும் நோயாளியிடம் இதை முதன்முதலில் இனங்கண்டவர் எர்ன்ஸ்ட் ஃபான் பெர்க்மன். ஆண்டு 1873, நோயாளி கூரையிலிருந்து விழுந்து தொடை எலும்பை நொறுக்கிக்கொண்டவர். மருத்துவம் படிக்கும் காலத்தில் விலங்குகளின் சிரையில் கொழுப்பைச் செலுத்தி ஆராய்ந்திருந்ததால், படுக்கையில் கிடந்தவரின் மூச்சைப் பார்த்ததும் அவருக்குப் பழைய சோதனை நினைவுக்கு வந்தது. பார்த்துப் பழகிய கண் இல்லாமல் இந்த நோய் பிடிபடாது என்பது அன்றைக்கும் இன்றைக்கும் பொருந்துகிறது.

வார்டில் உறவினர்கள் மருத்துவரிடம் சொல்லும் முதல் வாக்கியம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: “நேத்து வரைக்கும் நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தாரு.” அது உண்மை. கால் உடைந்தவருக்கு முதல் நாள் வலியைத் தவிர வேறொன்றும் இருக்காது. இரண்டாம் நாள் மூச்சு வேகமாகிறது. நாடித்துடிப்பு 110-ஐத் தாண்டுகிறது. காய்ச்சல் வருகிறது. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரில் எண் 95-க்குக் கீழே இறங்குகிறது. நோயாளி திணறுவதற்கு முன்பே பலரிடம் இது தெரிந்துவிடும். பிறகு அமைதியின்மை, சம்பந்தமில்லாத பேச்சு, தூக்கக்கலக்கம் வருகின்றன. சிலருக்கு வலிப்பும் மயக்கமும் வரலாம்.

மூன்றாவது அடையாளம் தோலில் இருக்கிறது. ஊசியால் குத்தியது போன்ற சிவப்புப் புள்ளிகள் மார்பிலும் அக்குளிலும் கழுத்திலும் தோன்றிச் சில நாட்களில் மறைந்துவிடும். பாதிக்கும் குறைவான நோயாளிகளிடமே இவை காணப்படுகின்றன என்றாலும், தெரிந்துவிட்டால் சந்தேகத்துக்கு இடமில்லை. புள்ளிகள் உடம்பின் மேல்பாதியில் மட்டும் வருவதற்கு ஒரு காரணம் சொல்வார்கள்: குழம்பில் எண்ணெய் மேலே நிற்பதுபோல, மகாதமனியின் வளைவில் கொழுப்பு மேலாக மிதந்து தலைக்கும் கைக்கும் போகும் கிளைகளில் ஏறுகிறது. பாடநூல்களிலுள்ள படங்கள் வெள்ளைத் தோலில் எடுக்கப்பட்டவை. அவற்றில் புள்ளி பளிச்சென்று தெரியும். வெயிலில் கறுத்த தோலில் அது எளிதில் தெரியாது. கீழிமையை இழுத்து அதன் உட்புறத்தையும், வாய்க்குள் கன்னத்தின் உட்புறத்தையும் விளக்கடித்துப் பார்ப்பதே தமிழ்நாட்டு நோயாளிக்குச் சரியான பரிசோதனை. இரண்டு நிமிட வேலை; எந்த இயந்திரமும் வேண்டாம்.

இந்த மண்ணில் இந்த நோய் கண்ணில் படாமல் போவதற்குப் பெரிய வாய்ப்பு மதுவிடமிருந்து வருகிறது. தினமும் குடித்துப் பழகியவர் கால் உடைந்து வார்டில் சேர்ந்ததும் குடி திடீரென்று நின்றுபோகிறது. குடி நின்ற இரண்டாம், மூன்றாம் நாளில் கை நடுங்கும், வியர்க்கும், நாடி ஏறும், இல்லாத ஆளைப் பார்த்துப் பேசுவார். கொழுப்புத்துளி மூளைக்கு ஏறியவரும் அதே இரண்டாம், மூன்றாம் நாளில் அதே மாதிரிதான் நடந்துகொள்கிறார். ‘குடியை நிறுத்தினதால உளறுறாரு’ என்று வீட்டார் சொல்ல, தூக்கத்துக்கு ஊசி போட்டால், தடுமாறும் மூச்சு இன்னும் அடங்கிப்போகும். இரண்டையும் பிரித்துக்காட்டுவது ஆக்ஸிஜன் அளவு. குடி நின்றதால் மட்டும் குழம்புகிறவரின் ஆக்ஸிஜன் சாதாரணமாக இறங்காது. கொழுப்பினால் குழம்புகிறவருக்குப் பெரும்பாலும் இறங்கியிருக்கும். விபத்தில் தலையிலும் அடிபட்டிருந்தால் சி.டி. ஸ்கேன் எடுத்து மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று உறுதிசெய்தாக வேண்டும். தலையில் அடிபட்டவர் அடிபட்ட நேரத்திலிருந்தே மயங்கியிருப்பதும், கொழுப்புத்துளி நோயாளி ஒரு நாள் தெளிவாகப் பேசிவிட்டுப் பிறகு குழம்புவதும் பொதுவான வேறுபாடு. காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்கு ஏறுவது வேறொரு நோய். அது பெரும்பாலும் இன்னும் சில நாள் கழித்தே வரும்.

இந்த நோயை ‘ஆம்’, ‘இல்லை’ என்று சொல்லிவிடும் ஒற்றை ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. கர்ட் என்பவர் 1970-ல் வகுத்து, வில்சனோடு சேர்ந்து 1974-ல் செம்மைப்படுத்திய அளவுகோல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. மூச்சுக் கோளாறு, மூளைக் குழப்பம், தோல் புள்ளி மூன்றும் அதில் பெரிய அடையாளங்கள். காய்ச்சல், நாடித்துடிப்பு, தட்டணுக்கள் குறைவது, ரத்தம் போகாமலே ஹீமோகுளோபின் இறங்குவது போன்றவை சிறியவை. ஷான்ஃபெல்ட் 1983-ல் மதிப்பெண் முறை ஒன்றைக் கொடுத்தார்: புள்ளிகளுக்கு 5, எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுதும் பரவிய மாற்றத்துக்கு 4, ஆக்ஸிஜன் குறைவுக்கு 3, காய்ச்சல், நாடி, மூச்சு வேகம், குழப்பம் ஒவ்வொன்றுக்கும் 1, கூட்டுத்தொகை 5 ஆனால் நோய் என்று கொள்ளலாம். முதல் நாள் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும். பஞ்சைத் தூவியது போன்ற வெண்மை பிறகுதான் வரும். மூளையைப் பொறுத்தவரை சி.டி.யில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. எம்.ஆர்.ஐ.யின் ஒரு வகைப் படத்தில் இருட்டு வானில் நட்சத்திரங்கள் சிதறியதுபோல வெண்புள்ளிகள் தெரியும்; மருத்துவர்கள் அதை நட்சத்திரக் களம் என்றே அழைக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் உருவான ஓர் அளவுகோலிலும் இந்த நோய்க்கு இடமுண்டு. எலும்பு வெளியே தெரியும்படி நொறுங்கிய காலைக் காப்பாற்றலாமா, எடுத்துவிடுவதா என்பதை முடிவுசெய்யக் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜசேகரன் குழுவினர் வகுத்தது கங்கா மதிப்பெண். 2006-ல் அது விரிவாக வெளியானது. தோல், எலும்பு, தசை மூன்றின் சேதத்துக்கும் தனித்தனியே மதிப்பெண் போட்ட பிறகு, கூடுதல் ஆபத்து ஒவ்வொன்றுக்கும் 2 சேர்க்கிறார்கள். அந்தப் பட்டியலில் கொழுப்புத்துளி அடைப்பும் இருக்கிறது. சாக்கடையிலும் தொழுவத்து மண்ணிலும் காயம் பட்டதும் அதே பட்டியலில் இருக்கிறது. வயலிலும் வாய்க்கால் கரையிலும் கால் உடைகிற ஊர்களை அறிந்தவர்கள் போட்ட பட்டியல் என்பது அதைப் படித்தாலே தெரியும். கூட்டுத்தொகை 14-ம் அதற்குக் கீழும் என்றால் காலைக் காப்பாற்ற முயலலாம். 17-ம் அதற்கு மேலும் என்றால் எடுக்க நேரும். இடையில் இருப்பவை மருத்துவரின் அனுபவத்துக்கு விடப்பட்டவை.

தடுப்பு, அடிபட்ட இடத்திலேயே தொடங்குகிறது. உடைந்த காலை அசையாமல் கட்டுவது அதில் முதல் வேலை. முதல் உலகப்போரில் தொடை உடைந்த பிரிட்டிஷ் வீரர்களில் 100-க்கு 80 பேர் வரை இறந்துகொண்டிருந்தார்கள். தாமஸ் ஸ்பிளிண்ட் என்னும் இரும்பு வளையச் சட்டத்தைப் போர்முனையிலேயே மாட்டத் தொடங்கிய பிறகு அது 20-க்கும் கீழே இறங்கியதாகக் குறித்திருக்கிறார்கள். அந்தச் சாவுகளில் பெரும்பங்கு ரத்த இழப்பினால் வந்தது என்றாலும், எலும்பை அசையாமல் வைப்பது ரத்தத்தையும் கொழுப்பையும் ஒருசேரக் கட்டுப்படுத்துகிறது. வயல்வெளியில் தாமஸ் ஸ்பிளிண்ட் கிடைக்காது. மூங்கில் பத்தை கிடைக்கும், பலகை கிடைக்கும், துண்டு கிடைக்கும். இடுப்பிலிருந்து குதிகால் வரை எட்டும் ஒரு பலகையை வெளிப்பக்கம் வைத்து நாலைந்து இடங்களில் கட்டலாம்; அதுவும் இல்லாவிட்டால் உடைந்த காலை நல்ல காலோடு சேர்த்துக் கட்டலாம். இரண்டு பேர் அக்குளிலும் காலிலும் பிடித்துத் தூக்கி டாட்டா ஏஸின் பின்பக்கம் மடக்கிக் கிடத்துவதைவிட, 108 வரும்வரை கட்டிப் படுக்கவைத்திருப்பது நல்லது. பட்டுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூருக்குச் சுமார் 50 கிலோமீட்டர். கட்டாத தொடைக்கு அது மிக நீண்ட பயணம்.

நாட்டு வைத்தியத்தைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். மணிக்கட்டு பிசகியவர்களும் விரல் உடைந்தவர்களும் பத்தை வைத்துக் கட்டிக் குணமாகி வருவதை ஊரே பார்த்திருக்கிறது. புத்தூர்க் கட்டின் பெயர் தமிழ்நாடு முழுக்கப் பரவியதும் அப்படித்தான். தொடை எலும்பின் கதை வேறு. வலிக்கு மருந்தில்லாமல் இழுத்துப் பொருத்துவதும், எண்ணெய் தடவி நீவுவதும், மூன்று நாளுக்கு ஒரு தடவை கட்டைப் பிரித்து மறுபடி கட்டுவதும் அந்த எலும்பைத் திரும்பத் திரும்ப அசைக்கின்றன. அசையும் ஒவ்வொரு தடவையும் கொழுப்பு உள்ளே போகிறது. அங்கே ஆக்ஸிஜன் அளவைப் பார்க்க ஆளும் இல்லை. தொடையும் முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பும் இடுப்பும் உடைந்தவர்களை நேராக மருத்துவமனைக்குக் கொண்டுபோவதே முறை.

மருத்துவமனையில் அடுத்த கேள்வி, அறுவை எப்போது என்பது. ஒரு காலத்தில் காலில் வெயிட் கட்டித் தொங்கவிட்டு, உடம்பு தேறட்டும் என்று வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். அமெரிக்காவில் 178 தொடை முறிவு நோயாளிகளை ஒப்பிட்டு போன் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 1989-ல் வெளியிட்ட ஆய்வு அந்த வழக்கத்தை அசைத்தது. 24 மணி நேரத்துக்குள் எலும்பு நிலைநிறுத்தப்பட்டவர்களைவிட, 48 மணி நேரம் தாண்டிச் செய்யப்பட்டவர்களுக்கு, அதிலும் பல இடங்களில் அடிபட்டவர்களுக்கு, நுரையீரல் சிக்கல்கள் அதிகம் இருந்தன. அறுவையே கொழுப்பைத் தள்ளும் என்பதும் உண்மைதான். குன்ட்ஷர் 1940 வாக்கில் கொண்டுவந்த உட்கம்பி, ஊர்ப்பேச்சில் ‘ராடு’, மஜ்ஜைக் குழலின் வழியாகவே இறங்குகிறது. இயல்பில் 30 முதல் 50 மில்லிமீட்டர் பாதரசம் இருக்கும் அங்குள்ள அழுத்தம், குழலைக் குடைந்து அகலப்படுத்தும்போது சில நூறுகளுக்கு ஏறுகிறது. அறுவை நடக்கும்போதே இதயத்தை எக்கோவில் பார்த்தவர்கள், துளிகள் வலப்பக்க அறைகளில் பனித்தூறல் போலப் பாய்வதைக் கண்டிருக்கிறார்கள். கூரான குடைகருவியை மெதுவாக இறக்குவது, குழலின் உள்ளிருப்பதை உறிஞ்சிக்கொண்டே குடைவது போன்ற ஏற்பாடுகள் இதற்காக வந்தவை. நெஞ்சிலும் அடிபட்டு ஆக்ஸிஜன் ஏற்கெனவே இறங்கியவருக்கு உடனே ராடு வைப்பது ஆபத்து. அவருக்கு முதலில் வெளிப்புறச் சட்டம் மாட்டி எலும்பை நிறுத்தி, நுரையீரல் தேறியபின் உட்கம்பிக்கு மாறுகிறார்கள். மூட்டு மாற்று அறுவையில் எலும்புச் சிமென்டை அழுத்தும்போதும் இதே ஆபத்து உண்டு. இரண்டு முழங்காலையும் ஒரே நாளில் மாற்றும்போது அது கூடும்.

கரைத்தெடுக்கும் மருந்து இதற்கு இல்லை. ஒரு காலத்தில் ஹெப்பாரின் கொடுத்துப் பார்த்தார்கள், ஆல்கஹாலைச் சிரையில் ஏற்றிப் பார்த்தார்கள், இரண்டும் கைவிடப்பட்டன. ஸ்டீராய்டை முன்கூட்டியே கொடுத்தால் நோய் வருவது குறைகிறது என்று சில ஆய்வுகள் சொன்னாலும் இறப்பு குறைந்ததாக நிறுவப்படவில்லை. மருத்துவர்களிடையே அதில் ஒருமித்த கருத்து இல்லை. மிஞ்சுவது நுரையீரல் தானே ஆறும்வரை உடலைத் தாங்கிப்பிடிப்பது: ஆக்ஸிஜன், தேவைப்பட்டால் வென்டிலேட்டர், அளவறிந்த திரவம், தேவைப்பட்டால் ரத்தம்.

தாங்கிப்பிடிக்கும் அந்தப் படுக்கைகள் டெல்டாவில் முன்பைவிட அருகில் வந்துவிட்டன. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி 1959-ல் தொடங்கியது. நெடுங்காலம் கடற்கரை ஊர்களிலிருந்தும் அங்கேதான் வரவேண்டியிருந்தது. 2010-ல் திருவாரூரிலும், 2022-ல் நாகப்பட்டினத்தை அடுத்த ஒரத்தூரிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்தன. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கியது. தனியார் மருத்துவமனைகளும் அதில் உண்டு. ரத்த இழப்பைத் தடுக்கவும் எலும்பை நிறுத்தவும் அந்த 48 மணி நேரம் பெரும் உதவி. ஆனால் கொழுப்புத்துளியின் கணக்கு 72 மணி நேரம் வரை ஓடுகிறது. இரண்டு நாள் முடிந்து நோயாளியை வேறு மருத்துவமனைக்கு மாற்றும் பேச்சு எழும் நேரமும் நோய் வெளிப்படும் நேரமும் ஒன்றாகவே வருகின்றன. ஆகவே தொடை உடைந்தவரை மாற்றும்போது, தனியாக ஆக்ஸிஜன் கொடுக்காதபோது அவருடைய ஆக்ஸிஜன் அளவு எவ்வளவு நிற்கிறது, மூச்சு நிமிடத்துக்கு எத்தனை, பேச்சு தெளிவாக இருக்கிறதா என்ற மூன்றும் மாற்றுச்சீட்டில் எழுதப்பட வேண்டும். போகும் வண்டியில் ஆக்ஸிஜனும் இருக்க வேண்டும்.

நோய் முற்றியவர்களில் இறப்பு 100-க்கு 5 முதல் 15 வரை என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. தீவிர சிகிச்சை வளர்ந்தபின் அது 10-க்கும் கீழே இறங்கியிருக்கிறது. நுரையீரல் பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் தேறிவிடுகிறது, வடு விடுவதில்லை. மூளை கொஞ்சம் தாமதிக்கும். நினைவுத் தடுமாற்றமும் எரிச்சலும் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் இருந்துவிட்டு மெல்ல விலகும். நிலையான பாதிப்பு மிஞ்சுவது சிலருக்கே. உடைந்த தொடை கூடுவதற்கு மூன்றிலிருந்து ஆறு மாதம் பிடிக்கும். கூடியபின் ராடை எடுக்க நேர்ந்தால், அப்போது மயக்கம் கொடுக்க வரும் மருத்துவரிடம் பழைய மூச்சுக் கதையையும் சொல்லிவிட வேண்டும்.